பொதிகைச் சாரலின் கொள்ளை ஜுரம்

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல் சீமைகளோடு தாமிரபரணி பாயும் திருநெல்வேலியையும் வாட்டிய கொள்ளை ஜுரத்தின் காரணத்தை ஆராய்ந்த வைத்தியர் குழு, பருவநிலையின் மாறுபாட்டையும், தேங்கிய நீரிலும் அழுகிய தழையிலுமிருந்து எழுவதாக அக்காலத்தார் நம்பிய விஷக்காற்றையுமே குற்றவாளிகளாக்கியது. அக்குழுவிலிருந்த அயின்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி என்னும் மூவரை இன்று பரிகசிப்பது நியாயமன்று. முறைவைத்து வரும் குளிர் நடுக்கமும், அனலாய்க் கொதிக்கும் தேகமும், பின் பெருகும் வியர்வையும் அக்கால வைத்தியர் நன்கறிந்தவையே. நோயைப் பரப்பும் கொசுவின்மீதுதான் அவர்களுக்குச் சந்தேகம் எழவில்லை. காரணத்தில் தவறினாலும், அவர்கள் காலத்துச் சிங்கோனாப் பட்டைத் தூள் (கசப்பென்றால் அப்படியொரு கசப்பு!) பலரைப் பிழைக்க வைத்தது. மலேரியா என்றே கருதத்தக்க அந்நோயின் ஒட்டுண்ணியை மருத்துவர் லாவெரான் மனித ரத்தத்தில் கண்டது 1880-ல். அதை மருத்துவர் ராஸ் கொசுவின் வயிற்றில் கண்டது 1897-ல், சிக்கந்தராபாத்தில்.