உழைக்க விசா உண்டு... உட்கார?

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஒருவர் வயதான காலத்தில் வேற்று ராஜ்ஜியத்தில் போய்த் தங்க நேர்ந்தது. சோழ மன்னன் ஒருவனின் கோபத்துக்குத் தப்பி, ஹொய்சளர்களின் மண்ணான மேல்கோட்டைக்குப் போன ராமானுஜர், பன்னிரண்டு வருஷம் அந்தப் பக்கத்தில் இருந்தார் என்கின்றன வைணவ குருபரம்பரைக் கதைகள். ‘சுவாமி, எத்தனை நாள் தங்குவதாக உத்தேசம்? நீட்டிப்பு மனு கொண்டுவந்தீர்களா?’ என்று எந்த அதிகாரியும் அவரிடம் கேட்டதாகக் கதை இல்லை! அரசன் ‘இருங்கள்’ என்றான்; இருந்தார். அவ்வளவுதான்.

இன்றைக்கு அதே ஸ்ரீபெரும்புதூருக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்து இருக்கிறார்கள். 1996-ல் ஹூண்டாய் இந்திய நிறுவனத்தைத் தொடங்கியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் ‘சான்ட்ரோ’ உருண்டு வந்தது. பின்னாலேயே மற்ற கம்பெனிகள். ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிஸான், 2012-ல் டெய்ம்லர். ஏரியும் வயலுமாக இருந்த பாதையில் கொரிய எழுத்தில் ஹோட்டல் போர்டுகள் முளைத்தன.

சரி, இப்படி வந்த ஒரு கொரிய இன்ஜினீயர், இங்கேயே வருஷக்கணக்கில் உழைத்து, இந்த ஊர் வெயிலுக்கும் சாம்பாருக்கும் பழகிப்போய், ‘ரிடையர் ஆன பிறகும் இங்கேயே இருந்துவிடுகிறேனே’ என்று ஆசைப்பட்டால்?

முடியாது! காரணம் எளிது. இந்தியாவில் வேலைக்கு விசா உண்டு, படிப்புக்கு உண்டு, வைத்தியத்துக்கு உண்டு, சுற்றிப் பார்க்க உண்டு. ஓய்வுக்காலத்தைக் கழிக்க என்று ஒரு விசா கிடையாது.

வேலை விசாவே லேசுப்பட்டதல்ல. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால், வந்து இறங்கிய 14 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். முன்பு சென்னையில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குக் கோப்பும் கையுமாகப் போக வேண்டியிருந்தது. 2018 முதல் இணையத்திலேயே மனுப் போடலாம். நீட்டித்துக்கொண்டே போனாலும், பொதுவாக ஐந்து வருஷத்தோடு சரி. அப்புறம் ஊருக்குப் போய்ப் புது விசா வாங்கி வர வேண்டும். சம்பளத்துக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. அதற்குக் குறைந்தால் விசா இல்லை. இதில் விலக்குப் பெற்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? தன் நாட்டுச் சமையலைச் செய்யும் சமையல்காரர்! பெரிய பெரிய மேனேஜர்களுக்கு இல்லாத சலுகை ‘கிம்ச்சி’ போடுகிறவருக்கு! வயிறு என்று வந்துவிட்டால் சட்டமும் கொஞ்சம் இளகத்தான் செய்கிறது.

இத்தனை காகிதம் எப்படி வந்தது?

முதல் உலகப் போருக்கு முன்னால் பாஸ்போர்ட் இல்லாமலே ஒருவர் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வந்து இறங்கிவிடலாம். போர் முடிந்த கையோடு, 1920-ல் பாஸ்போர்ட் சட்டம். இரண்டாம் உலகப் போரின் மேகம் திரண்டபோது, 1939-ல் வெளிநாட்டவர் பதிவுச் சட்டம். 1946-ல் வெளிநாட்டவர் சட்டம். யாரை உள்ளே விடுவது, எங்கே தங்க வைப்பது, எப்போது வெளியேற்றுவது என்று எல்லா அதிகாரமும் சர்க்கார் கையில். மறு வருஷமே வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான். அவன் எழுதிய சட்டம் மட்டும் எந்த நீட்டிப்பும் கேட்காமல் இங்கேயே தங்கிவிட்டது! இன்னொரு வேடிக்கை... 1957 வரை அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு பிரிட்டிஷ்காரர் ‘வெளிநாட்டவரே’ அல்ல. கடைசியில் 2025-ல்தான் இந்தப் பழைய சட்டங்களை மொத்தமாகச் சுருட்டி வைத்துவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் என்று ஒரே சட்டமாகக் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பர் 1-ம் தேதி அது அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டத்தோடு மோதிப் பார்த்த ஒரு பெரியவரின் கதை இருக்கிறது. பெயர், லூயி டி ரேட். பெல்ஜியம் நாட்டுக்காரர். கிறிஸ்துவ ஊழியத்துக்காக 1937-ல் இந்தியாவுக்கு வந்தவர். சுதந்திரம், பிரிவினை, குடியரசு... எல்லாம் அவர் கண் முன்னால் நடந்தன. அனுமதியை அவ்வப்போது நீட்டித்துக்கொண்டு வாழ்ந்தார். வந்து ஐம்பது வருஷம் ஆன நிலையில், 1987 ஜூலையில் ஒரு கடிதம். ‘நீட்டிப்பு கிடையாது. இம்மாதக் கடைசிக்குள் நாட்டை விட்டுக் கிளம்பவும்!’

யோசித்துப் பாருங்கள். ஐம்பது வருஷம் வாழ்ந்த இடத்தை மூன்று வாரத்தில் மூட்டை கட்ட முடியுமா?

அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அவர் வாதத்தில் நியாயம் இருப்பதாகவே தோன்றும். அரசியல் சட்டம் வந்தபோது, இந்த மண்ணை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டு, அதற்கு முன் ஐந்து வருஷம் வசித்தவர்களைக் குடிமக்களாக ஏற்றுக்கொண்டது. ‘நான் அதைவிட அதிக வருஷம் வசித்திருந்தேனே, நானும் இந்தியன்தானே?’ என்பது அவர் கேள்வி.

1991 ஜூலையில் தீர்ப்பு. தோற்றுப்போனார். ‘எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்பது மட்டும் போதாது. இதுவே என் நிரந்தர வீடு என்ற உறுதியான எண்ணம் அன்றைக்கு இருந்ததா? அதற்குச் சான்று எங்கே?’ என்றது கோர்ட். வெளிநாட்டவரின் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அரசியல் சட்டம் காவல் உண்டு. ஆனால், இங்கே குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான் என்றும் சொல்லிவிட்டது.

இதிலுள்ள சோகமான முரண்பாடு... ஒழுங்காகச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, பெல்ஜியம் பாஸ்போர்ட்டைக் காட்டி நீட்டிப்புக் கேட்ட ஒவ்வொரு மனுவும், ‘நான் இந்த நாட்டுக்காரன் இல்லை’ என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலத்தானே!

மற்ற நாடுகள் தாராளமா என்றால், அதுவும் இல்லை. தாய்லாந்தில் ஓய்வுக்கால அனுமதி உண்டு. 50 வயது ஆகியிருக்க வேண்டும், வங்கியில் எட்டு லட்சம் பாட் வேண்டும். வருஷா வருஷம் நீட்டிக்க வேண்டும், 90 நாளைக்கு ஒருமுறை ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று தகவல் தர வேண்டும். மலேசியா 2002-ல் ‘என் இரண்டாவது இல்லம்’ திட்டம் கொண்டுவந்தது. அதற்கும் கனமான டெபாசிட் வேண்டும். இந்தியாவும் 2016-ல் பத்துக் கோடி முதலீடு செய்து, வேலையும் கொடுக்கும் வெளிநாட்டவருக்குப் பத்து வருஷத் தங்கும் உரிமை தர முடிவு செய்தது. ஆக, இந்தத் திட்டங்கள் எண்ணுவது கையில் உள்ள பணத்தை. அந்த மண்ணில் சிந்திய வியர்வைக்குக் கணக்கே கிடையாது.

நம்மவர்களுக்கு இது புதிதா என்ன? துபாயிலும் தோஹாவிலும் முப்பது வருஷம் கட்டடம் கட்டிவிட்டு, வேலை முடிந்த அன்றோடு விசாவும் முடிந்து, பெட்டியோடு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். ஒரகடத்தில் பெட்டி கட்டும் கொரியக்காரரின் மனசு அவர்களுக்குப் புரியும். அவர்கள் கேட்பதும் அதே கேள்விதான்... ‘உழைத்தது போதாதா, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகக் கூடாதா?’

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இன்னும் நேரான பதில் இல்லை.