கெல்லா விதையும் ஒரு மருத்துவரின் மூச்சும்

ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்தில் நாட்டமுள்ளோர் ஆர்தர் ரான்சம் எழுதிய ‘சுவாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ நாவலை அறிந்திருக்கக்கூடும். 1930இல் வெளிவந்த அந்நூலில் படகோட்டிச் செல்லும் உடன்பிறப்புகள் நால்வருள் இளையவன் ரோஜர். அந்தப் பாத்திரத்திற்கு மூலமாக அமைந்த சிறுவனின் பெயரும் ரோஜர்தான்: ரோஜர் அல்டூனியன். 1922இல் பிறந்த இவர், சிரியாவின் அலெப்போ நகரில் மருத்துவமனை நடத்திவந்த ஆர்மீனிய மருத்துவக் குடும்பத்தின் வழித்தோன்றல். கதையில் வரும் ரோஜரை உலகெங்கும் சிறுவர்கள் அறிவர். மெய்யான ரோஜர் ஈழை நோய் மருத்துவத்திற்கு ஆற்றிய தொண்டோ இலக்கிய வாசகரிடையே அதிகம் பேசப்படாதது.

இவ்வரலாற்றின் தொடக்கம் ஒரு செடி. எகிப்திலும் மத்தியதரைக் கடலை ஒட்டிய நாடுகளிலும் விளையும் ‘கெல்லா’, நம் சீரகம், ஓமம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விதையைக் கொதிக்கவைத்துச் சிறுநீரகக் கல் வலிக்குக் குடிப்பது எகிப்திய மக்களின் நெடுநாள் வழக்கம். விதையிலுள்ள ‘கெல்லின்’ என்னும் வேதிப்பொருள் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்தவல்லது. 1940களில் கெய்ரோவில் பணியாற்றிய உடலியல் அறிஞர் அன்ரெப், இதயக் குருதிக் குழாய்களையும் கெல்லின் விரிப்பதைக் கண்டு ஆராய்ந்தார். மூச்சுக் குழாய்களுக்கும் அது பயன்படும் என்ற நம்பிக்கை எழுந்தது. ஆனால் குமட்டல் முதலிய தொல்லைகளால் கெல்லினை அப்படியே மருந்தாகக் கொடுப்பது எளிதாக இல்லை.

எனவே, கெல்லினின் வேதியமைப்பை மாற்றி மாற்றிப் புதிய சேர்மங்களை உருவாக்கும் முயற்சி இங்கிலாந்தில் நடந்தது. 1950களின் நடுவில் சிரியாவை விட்டு வெளியேறிய அல்டூனியன், 1956இல் அம்முயற்சியில் ஈடுபட்டிருந்த பெங்கர்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரே ஈழை நோயாளி; கினிப் பன்றியின் முடியும் தோல்செதிளும் அவருக்கு ஒவ்வா. அந்த ஒவ்வாமையையே அவர் ஆய்வுக் கருவியாக்கிக்கொண்டார். புதிய சேர்மம் ஒன்றை முதலில் உள்ளிழுப்பார். பின்னர் கினிப் பன்றி முடியிலிருந்து எடுத்த சாற்றை உள்ளிழுத்துத் தமக்குத் தாமே இரைப்பை வரவழைத்துக்கொள்வார். மூச்சு எவ்வளவு குறைகிறது என்று அளந்து எழுதிவைப்பார். ஆண்டுக்கணக்கில், நூற்றுக்கணக்கான முறை இது நடந்தது. பெரும்பாலான சேர்மங்கள் பயன் தரவில்லை.

1965ஆம் ஆண்டளவில், இரண்டு குரோமோன் அமைப்புகளை இணைத்து உருவாக்கிய சோடியம் குரோமோகிளைகேட் வெற்றி தந்தது. 1967இல் ஆய்வு முடிவு அச்சேறியது. 1968இல் ‘இன்டால்’ என்னும் பெயரில் மருந்து விற்பனைக்கு வந்தது. குடலில் மிகச் சிறிதே உறிஞ்சப்படும் பொருளாதலால் அதைப் பொடியாகவே நுரையீரலுக்குள் செலுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றியிருந்த அல்டூனியன், உள்ளிழுக்கும் மூச்சின் விசையிலேயே சுழலும் சிறு விசிறியைக் கொண்ட கருவியை வடிவமைத்தார். ‘ஸ்பின்ஹேலர்’ என்ற அக்கருவி 20 மில்லிகிராம் பொடியை நெஞ்சுக்குள் தூவியது.

இம்மருந்தை ‘மூலிகை மருந்து’ எனலாமா? கெல்லின் குழாய்களை விரிக்கும், குரோமோகிளைகேட் விரிக்காது. ஒவ்வாப் பொருள் உள்ளே வரும்போது மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் போன்றவற்றைக் கக்காதபடி முன்கூட்டியே தடுப்பதே அதன் வேலை. இரைப்பு வந்தபின் இழுத்தால் பயனில்லை. தாய்ப் பொருளிடம் எதிர்பார்த்தது ஒன்று, சேயிடம் கிடைத்தது வேறொன்று. கெல்லா விதையைக் கொதிக்கவைத்து எவ்வளவு குடித்தாலும் அதில் குரோமோகிளைகேட் இராது.

நம் ஆடாதோடைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. அதன் இலையிலுள்ள வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. இத்தகைய செய்திகளைக் கேட்டதும் ‘எல்லாம் நம் பச்சிலையில் இருக்கிறது’ என்று இன்ஹேலரை ஒதுக்கிவைப்போர் நம்மிடையே உண்டு. ஈழை உயிரைப் பறிக்கும் நோய். அங்கே அந்தப் பெருமிதம் ஆபத்தானது. செடியை வெறும் களையென்று தள்ளுவதும் அதே அளவு பிழை. கெல்லா இல்லையேல் தேடலே தொடங்கியிராது.

பிற்காலத்தில் ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் அதிகப் பயன் தந்ததால் ஈழை மருத்துவத்தில் குரோமோகிளைகேட்டின் இடம் சுருங்கியது. ஒவ்வாமையால் கண் சிவந்து அரிப்போர்க்குச் சொட்டு மருந்தாக அது இன்றும் பயன்படுகிறது. அல்டூனியன் 1987இல் மறைந்தார். ரான்சமின் ரோஜர் இன்னும் படகில் சிறுவனாகவே இருக்கிறான். அந்நூலை மீண்டும் கையில் எடுக்கும் நண்பர்கள், அச்சிறுவன் வளர்ந்து தன் மூச்சையே பணயம் வைத்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.