உருவம் மாறியது, பொருள் மாறியதா?

பத்தாங் பெர்ஜுந்தாய் என நம் மூத்தோர் வழங்கியதும், 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றப்பெற்றதுமாகிய ஊரைச் சுற்றிய தோட்டங்களில், பல்லாண்டுகள் விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட்டவர் நம்மவர். மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து, நீர் கலந்து, பார்மிக் திராவகம் விட்டு உறைய வைத்து, தகடாக உருட்டிப் புகைக் கொட்டகையில் உலர்த்தினர். வெண்பால் பழுப்புத் தகடாயிற்று. இதனினும் பெரிய மாறுதல் உண்டோ என்று தோன்றும். ஆயின் விஞ்ஞானம் அங்ஙனம் கூறவில்லை.

உருவமோ நிலையோ மாறினும் பொருள் அதுவாகவே இருப்பது பௌதிக மாறுதல். பழைய பொருள் போய், வேறு குணமுடைய புதுப்பொருள் பிறப்பது இரசாயன மாறுதல். நீர் ஆவியாவது முன்னது. விறகு எரிந்து சாம்பலாவது பின்னது. மரப்பாலில் ரப்பர் நுண்துளிகளாக மிதக்கின்றது. அத்துளிகளைப் போர்த்துள்ள புரதம் மின்னேற்றம் தாங்கி நிற்பதால், அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. திராவகம் அப்புரதத்தின்மேல் வேலை செய்து மின்னேற்றத்தைப் போக்கவே, துளிகள் கூடித் திரளுகின்றன. உள்ளிருந்த ரப்பரோ முன்னிருந்த ரப்பரே! திராவகம் ஊற்றியதொன்றைக் கண்டே ரப்பர் வேறு பொருளாயிற்று என்று முடிவு கட்டலாகாது.

இவ்வேற்றுமை உலக வரலாற்றையே திருப்பியது. 1823-இல் ஸ்காட்லாந்தின் மாக்கின்டாஷ், ரப்பரை நாப்தா எண்ணெயில் கரைத்து, இரு துணிகளுக்கிடையே பூசி மழையங்கி செய்தார். கரைத்தலும் பூசுதலும் பௌதிக மாறுதல்களே. எண்ணெய் ஆவியானதும், ரப்பர் தன் பழைய குறைகளோடு நின்றது. வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது.

1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறைகள் நீங்குவதைக் கண்டார். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே பாலங்களாக அமைந்து, அவற்றைப் பிணைத்துவிடுகின்றது. இதுவே இரசாயன மாறுதல். 1844-இல் அவர் காப்புரிமை பெற்றார். எனினும் 1860-இல் கடனாளியாகவே மாண்டார்.

1876-இல் விக்ஹாம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். கந்தகத்தின் வினை இல்லையேல் அந்த டயர் நிலைத்திராது. டயர் இல்லையேல் மலாயாத் தோட்டங்களும், அவற்றை நாடி நம் முன்னோர் கப்பலேறியதும் இத்துணை பெருகியிரா.

ஆயினும் நம்மவர் கைக்கு வந்தது பெரும்பாலும் பௌதிக மாறுதலே. இரசாயன மாறுதல் கடல் கடந்த ஆலைகளில் நடந்தது. தகடாகச் சென்ற ரப்பர் டயராகத் திரும்பியபோது விலை வேறாக இருந்தது; தகடு செய்தவருக்கோ அதன் மர்மத்தைக் கற்பிப்பார் இலர்.

இன்று ஊரின் பெயர் மாறிற்று; ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நிற்கின்றது. இவையெல்லாம் வெளித்தோற்றமே. பாலை உறையச் செய்வது எது, டயரை இளகவொட்டாமல் தடுப்பது எது என்று தோட்டத் தொழிலாளியின் பிள்ளை காரணத்தோடு எடுத்துரைக்கும் நாளே, நம் வாழ்வு உள்ளே மாறிய நாளாகும்.