கத்திக்கும் தீட்டு: ஆங்கில இலக்கியக் கலைச்சொற்களின் கதை

எங்கள் தெருவில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கப்போன முதல் பிள்ளை என் அண்ணன் மகன். போன மாசம் ஒரு ராத்திரி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தான். மூஞ்சி சரியில்லை. என்னடா என்றேன். வகுப்பில் 'எலிஜி' என்ற சொல்லை நடத்தியிருக்கிறார்கள். இறந்தவருக்காகப் புலம்பும் கவிதை. உங்களுக்குத் தெரிந்த உதாரணம் சொல்லுங்கள் என்று ஆசிரியர் கேட்க, இவன் எழுந்து, "தாத்தா செத்தப்ப எங்க அப்பாயி பாடுன ஒப்பாரி சார்" என்றிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. "அது அழுகைடா, எலிஜி இலக்கியம்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டாராம்.

"ரெண்டுக்கும் என்ன சித்தப்பா வித்தியாசம்?"

அவனுக்கு அப்பாயி என்றால் எனக்கு அம்மா. செத்துப்போனவர் என் அப்பா. அந்த ஒப்பாரியைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நான் படித்தது தமிழ் எம்.ஏ. அவனுடைய கலைச்சொல் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். எம்.எச். ஏப்ராம்ஸ் 1957இல் வெளியிட்டு, பல பதிப்புகள் கண்ட புத்தகம். சொற்களெல்லாம் அகர வரிசையில் சாதுவாக நிற்கின்றன. கொல்லன் பட்டறையில் சுத்தியலும் கிடுக்கியும் கிடக்கிற மாதிரி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. ஒவ்வொன்றும் எந்தக் கையிலிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால்தான் சங்கதி வெளியே வருகிறது. அந்தத் தேடலில் கிடைத்ததை, ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகளுக்காக இங்கே வைக்கிறேன்.

*

முதலில் 'கிளாசிக்'. செவ்வியல் என்கிறோம், தலைவணங்குகிறோம். இந்தச் சொல் பிறந்த இடம் வரிக்கணக்கு. பழைய ரோமாபுரியில் சொத்தின் அளவுப்படி குடிமக்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்தார்கள். மேல் வகுப்பில் இருந்தவன் 'கிளாசிக்கஸ்'. சொத்தே இல்லாமல், அரசுக்குப் பிள்ளைகளை மட்டுமே பெற்றுக் கொடுக்கக்கூடியவன் 'புரோலிடேரியஸ்'. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆலஸ் கெல்லியஸ் எழுதிய புத்தகத்தில்தான் இது எழுத்தாளர்களுக்கு வந்து ஒட்டுகிறது. நம்பி மேற்கோள் காட்டத்தக்கவன் கிளாசிக்கஸ் எழுத்தாளன், புரோலிடேரியஸ் எழுத்தாளன் அல்ல என்கிறது அது. பாட்டாளி என்பதற்கு நாம் இன்று சொல்லும் அதே புரோலிடேரியன்தான். ஆக, செவ்வியல் என்ற பட்டம் கட்டிய அன்றைக்கே, உழைப்பாளியை வாசலுக்கு வெளியே நிறுத்தியாகிவிட்டது.

அதற்கும் ஐநூறு வருசம் முந்தி அரிஸ்டாட்டில். டிராஜடி நம்மைவிட மேலானவர்களைக் காட்டுவது, காமெடி கீழானவர்களைக் காட்டுவது என்று பிரித்தார். பாத்திரங்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், பெண்ணும் அடிமையும்கூட நல்லவராக இருக்க முடியும், ஆனால் பெண் தாழ்ந்தவள், அடிமை எதற்கும் ஆகாதவன் என்று சேர்த்துக்கொண்டார். அவர் துயரப்பட்டால் காவியம், நாம் துயரப்பட்டால் கேலி என்பதற்கு விதை இங்கே இருக்கிறது. என் அண்ணன் மகன் வகுப்பில் கேட்ட சிரிப்பு நேற்று முளைத்ததல்ல.

பதிமூன்றாம் நூற்றாண்டில் இதற்கு ஒரு சக்கரமே வரைந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் பிறந்து பாரிசில் பாடம் சொன்ன ஜான் ஆஃப் கார்லண்ட் என்பவர் வர்ஜிலின் மூன்று நூல்களை வைத்து மூன்று நடைகளை வகுத்தார். தாழ்ந்த நடைக்கு ஆள் இடையன். அவன் கையில் கோல், பக்கத்தில் ஆடு, இடம் மேய்ச்சல் காடு. நடுநடைக்கு உழவன், கலப்பை, மாடு, வயல். உயர்ந்த நடைக்குப் போர்வீரன். வாள், குதிரை, நகரம். ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு மரம்கூட உண்டு. நமக்கு இந்தப் படம் புதுசா? ஊர், தெரு, சேரி என்று வரைந்த அதே படம்தான். அங்கே மொழிக்குள் வரைந்திருக்கிறார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'டெக்கோரம்'. பொருத்தம், இங்கிதம் என்று தமிழில் சொல்லலாம். அவனவன் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

*

இங்கிலாந்தில் இது எப்படி வேலை செய்தது என்பதற்கு 'வில்லன்' என்ற ஒரு சொல் போதும். நம் சினிமாக் கொட்டகை வரை வந்து சேர்ந்த சொல். பிரபுவின் பண்ணையோடு கட்டப்பட்ட அரை அடிமைக்கு 'வில்லெய்ன்' என்று பெயர். பிரபுவைக் கேட்காமல் ஊரைவிட்டுப் போக முடியாது. மகளைக் கட்டிக் கொடுக்க பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். தஞ்சாவூர்ப் பண்ணையாள் கதை தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்தப் பண்ணையாளின் பெயர்தான் மெல்ல மெல்லக் கெட்டவன், நயவஞ்சகன் என்று பொருள் மாறி, கடைசியில் நாடகத்தில் கதாநாயகனுக்கு எதிரியானது. 'கிளவுன்' என்ற கோமாளிக்கும் நாட்டுப்புறத்தான் என்று ஒரு பொருள் உண்டு. உழுதவன் பெயரிலிருந்து ஒரு கொடியவன், ஒரு கோமாளி. கதாநாயகன் மட்டும் வரவில்லை.

1381இல் அந்த வில்லெய்ன்கள் எழுந்தார்கள். பண்ணை அடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்று லண்டன் வரை வந்து அரசனிடம் கேட்டார்கள். இந்த இடத்தில் 'அலிகரி' என்ற உத்தியைக் கவனிக்க வேண்டும். நிலபுலன் வைத்திருந்த கவிஞர் ஜான் கோவர், தன் லத்தீன் நெடும்பாட்டில் கலகக்காரர்களைக் கழுதையாக, மாடாக, பன்றியாக, நாயாக மாறியவர்கள் என்று உருவகித்தார். அதே காலத்தில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய உருவகக் காவியத்தில் உண்மைக்கு வழிகாட்டுகிறவன் பியர்ஸ் என்ற ஏர்க்காரன். அந்தப் பியர்ஸின் பெயரைக் கலகத் தலைவர் ஜான் பால் தன் கடிதத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டார். உத்தி ஒன்று, கை ரெண்டு. அகராதியில் அலிகரிக்கு எதிரே ஒரே விளக்கம்தான் இருக்கும். யார் கையில் என்பது இருக்காது.

1589இல் ஜார்ஜ் புட்டன்ஹாம் எழுதியதாகக் கொள்ளப்படும் ஆங்கிலக் கவிதைக்கலை நூல் வந்தது. இதில் ஒரு நல்ல காரியமும் உண்டு. கிரேக்கப் பெயர்களை ஊர்மொழியில் சொல்லிப் பார்த்தார். ஐரனிக்கு 'உலர்ந்த நையாண்டி' என்றார். ஹைபர்போலுக்கு 'பெருங்குரல் பொய்யன்' என்றார். சும்மா சொல்லக்கூடாது, நம்ம ஆளுங்க பட்டப்பெயர் வைக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் கவிஞன் எந்த மொழியில் எழுத வேண்டும் என்று வந்ததும் கதவு சாத்திக்கொள்கிறது. அரசவைப் பேச்சு, லண்டன் பேச்சு, லண்டனைச் சுற்றி அறுபது மைல். கைவினைஞன் பேச்சும் வண்டிக்காரன் பேச்சும் கூடாது. தரமான மொழிக்கு எல்லைக்கல் நட்டது இப்படித்தான்.

மொழிக்குத் தீட்டு உண்டா என்று கேட்பவர்கள் சாமுவேல் ஜான்சனைப் படிக்க வேண்டும். 1751இல் 'ராம்ப்ளர்' இதழில் ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தை எடுத்துக்கொள்கிறார். கொலைக்கு முன் வரும் ஒரு பேச்சு. அதில் 'கத்தி' என்று ஒரு சொல். அது கசாப்புக்காரனும் சமையற்காரனும் புழங்கும் கருவி. அதைக் கேட்டால் பயங்கரம் தோன்றாது என்கிறார். இன்னொரு சொல் குதிரை லாயத்தில் மட்டுமே கேட்பது என்கிறார். கம்பளி என்ற சொல் வந்ததும் தனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்கிறார். பாட்டு வலிமையானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வேலைக்காரன் கை பட்ட சொல் என்பதால் அது கெட்டுவிட்டதாம்! கறி வெட்டுகிறவன் தொட்டதால் கத்தி என்ற சொல்லுக்கே தீட்டு.

அந்த நூற்றாண்டில் 'பொயட்டிக் டிக்ஷன்' என்ற கவிதைச் சொல்வளம் செழித்ததும் இதனால்தான். மீனை மீன் என்று சொல்லாமல் துடுப்புடைய கூட்டம் என்று சுற்றி வளைத்தார்கள். 1800இல் வேர்ட்ஸ்வொர்த் எளிய நாட்டுப்புறத்தார் மொழியில் எழுதுவேன் என்று முன்னுரை எழுதியது பெரிய உடைப்புதான். ஆனால் அவரும் அந்த மொழியின் குறைகளைச் சுத்தம் செய்து எடுத்துக்கொள்வதாகத்தான் சொன்னார்.

*

'பாஸ்டரல்' என்றால் ஆயர் வாழ்வைப் பாடும் கவிதை. பாடியவர்கள் ஆயர்கள் இல்லை. கேம்பிரிட்ஜில் படித்த மில்டன், கூடப் படித்த நண்பன் கடலில் மூழ்கி இறந்தபோது, இருவரையும் ஆடு மேய்ப்பவர்களாக வேசம் கட்டிப் புலம்பினார். 1638இல் அச்சான 'லிசிடஸ்' அதுதான். எலிஜிக்கு எல்லா வகுப்பிலும் சொல்லும் உதாரணம்.

நிஜமாகக் களத்தில் நின்றவர்கள் எழுதினார்களா? எழுதினார்கள். வில்ட்ஷயரில் கதிரடித்த கூலி ஸ்டீபன் டக். 1730இல் 'கதிரடிப்பவனின் உழைப்பு' என்ற அவருடைய பாட்டு வந்தது. புழுதி, வியர்வை, மேற்பார்வை செய்கிறவனின் ஏச்சு எல்லாம் அதில் உண்டு. ராணி கரோலின் அவருக்கு மானியமும் வீடும் கொடுத்தார். களத்தைவிட்டு அரண்மனைத் தோட்டத்துக்குப் போனார், பிறகு பாதிரியார் ஆனார், 1756இல் தண்ணீரில் விழுந்து தன் உயிரை முடித்துக்கொண்டார்.

அந்தப் பாட்டில் வயலுக்கு வரும் பெண்களை வாயாடிகள் என்று டக் கேலி செய்திருந்தார். ஹாம்ப்ஷயரில் துணி வெளுத்துப் பிழைத்த மேரி கோலியர் விடுவாரா? 1739இல் 'பெண்ணின் உழைப்பு' என்று பதில் கொடுத்தார். உங்களுக்குப் பொழுது சாய்ந்தால் வேலை முடிந்தது, எங்களுக்கு வீட்டில் அடுத்த வேலை தொடங்குகிறது என்று கணக்கு வைத்தார். சீமாட்டி வீட்டில் விடியுமுன் தொடங்கி ரத்தம் வடியும்வரை துணி தேய்த்ததற்கு ஆறு பென்னியோ எட்டு பென்னியோ என்று கூலியையும் பாட்டில் எழுதினார். அவருக்கு மானியம் வரவில்லை. அறுபது வயதைத் தாண்டியும் வெளுத்துக்கொண்டிருந்தார். பாஸ்டரல் என்ற தலைப்பின் கீழ் மேரி கோலியர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

*

வெள்ளைக்காரன் இப்படி என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க நமக்கு வழியில்லை. நம் பாட்டியல் நூல்கள் வெண்பாவை அந்தணருக்கும், ஆசிரியப்பாவை அரசருக்கும், கலிப்பாவை வணிகருக்கும், வஞ்சிப்பாவை வேளாளருக்கும் பங்கு போட்டன. எழுத்துக்களுக்கே சாதி பிரித்தன. ஐந்தாவதாக ஒரு பா கிடையாது. தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே வைத்ததாக உரைகாரர்கள் சொல்கிறார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தபோது, அந்த டெக்கோரத்தை இந்த மேல்சாதிப் பண்டிதம் கட்டிப்பிடித்து வரவேற்றதில் ஆச்சரியம் என்ன? ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு வந்ததே 1894இல்தான். அந்தப் பாடம் ஆள்வதற்கான கருவியாகக் காலனியில்தான் முதலில் உருப்பெற்றது என்று கௌரி விஸ்வநாதன் 1989இல் விரிவாக எழுதினார். அதே ஆங்கிலத்தில்தான் 1936இல் அம்பேத்கர் சாதி ஒழிப்பை எழுதினார் என்பதையும் மறக்கக்கூடாது.

அதனால் இந்தச் சொற்களைத் தூக்கி எறி என்று நான் சொல்ல வரவில்லை. அவற்றில் நம் பங்கும் இருக்கிறது. 'ஃபேபிள்' என்ற கதை எப்படித் தோன்றியது என்பதற்கு, ரோமாபுரியில் விடுதலை பெற்ற அடிமையாக அறியப்பட்ட பீட்ரஸ் சொன்ன காரணம் இது: நினைத்ததை நேராகச் சொல்ல முடியாத அடிமை அதைக் கதைக்குள் வைத்துச் சொன்னான். ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் 'சிக்னிஃபையிங்' என்ற தெருப்பேச்சுக் குத்தலை 1988இல் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் விமர்சனக் கோட்பாடாகவே நிறுத்தினார். அவருக்கு முன் 1903இல் டூ பாய்ஸ் இன்னொன்று செய்தார். தன் புத்தகத்தின் பெரும்பாலான அத்தியாயங்களின் தலைப்பில் பேர்பெற்ற கவிஞர்களின் வரியைப் போட்டு, அதன் கீழேயே அடிமைகள் பாடிய பாட்டின் இசைக்குறிப்பைப் போட்டார். எது எலிஜி, எது அழுகை என்று யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்தப் பாட்டுகளுக்குத் 'துயரப் பாடல்கள்' என்று பெயர் சொல்லிக் கடைசி அத்தியாயத்தையே கொடுத்தார்.

இதையெல்லாம் அண்ணன் மகனிடம் சொன்னேன். "பரீட்சைல இதை எழுத முடியாதே சித்தப்பா" என்றான். வாஸ்தவம்தான். பரீட்சைக்கு அவர்கள் விளக்கத்தை எழுது, உனக்கு இதை வைத்துக்கொள் என்றேன். 1751இல் வெளியான தாமஸ் கிரேயின் புகழ்பெற்ற எலிஜி, படிக்காத ஏழைகள் புதைந்த கிராமத்துக் கல்லறையைப் பற்றியதுதான் என்பதை வகுப்பில் கேட்டுப் பார் என்றும் சொன்னேன். அந்த ஏழைகளுக்காகக் கற்ற கவிஞர் பேசினால் இலக்கியம். அந்த ஏழையின் பெண்டாட்டியே பேசினால் அழுகையா?

மறுநாள் ரெண்டு பேரும் அம்மாவிடம் போய், அந்த ஒப்பாரியைச் சொல்லு, எழுதிக்கறோம் என்றோம். "சாவு விழாத வீட்ல ஒப்பாரி வைக்கக்கூடாதுடா" என்று மறுத்துவிட்டாள். பிறகு அவளாகவே, பாட்டைச் சொல்லாமல், எப்படிக் கட்டுவது என்று மட்டும் சொன்னாள். செத்தவரை முதலில் எதோடு ஒப்பு வைக்கணும், அடுத்து எதோடு வைக்கணும், எந்த இடத்தில் குரலை இழுத்து விட்டால் பக்கத்தில் இருப்பவள் எடுத்துக்கொள்வாள் என்று. "ஒப்பு வைக்கத் தெரியாதவ அழுதா ஊரு அழாது" என்றாள்.

அண்ணன் மகன் நோட்டைத் திறந்து 'சிமிலி' என்ற சொல்லுக்கு எதிரே 'ஒப்பு' என்று எழுதினான். கீழே அப்பாயி பெயரையும் எழுதினான். ஆங்கில இலக்கியம் படிக்கும் தோழர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இப்படி ஒரு பக்கம் எழுதத் தொடங்கலாம். பாட்டை மட்டுமில்லை, பாடுகிறவர் அந்த உத்திக்கு வைத்திருக்கும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் வைக்கிற வேலையை இனியும் மற்றவர்களிடம் விட்டுவைக்க வேண்டாம்.