முனியின் படையலும் தவறணையின் கணக்கும்

தேயிலை மலையில் கவ்வாத்துக்கு நாள் குறித்தவுடன் கத்தி செடியில் விழுந்துவிடுவதில்லை. அதற்கு முன்னர் ஒரு பூசை உண்டு. மாத்தளை மாவட்டத்தில் இறத்தோட்டை, எல்கடுவை முதலிய இடங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர், மலையகத்தின் மற்றத் தோட்டங்களில் உள்ளோரைப் போலவே, மரத்தடியில் ஒரு கல்லை நட்டுக் கவ்வாத்துச்சாமி என்று வணங்கினர். ஆலையின் பெருஞ்சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். அது எவர் கையையும் பறித்துக்கொள்ளாமல் காக்க ஒரு ரோதைமுனி இருந்தார். தமிழகத்துக் கிராமக் காவல் தெய்வங்கள் தொழிற்சாலை வாயிலில் வேலைக்கு அமர்ந்த கதை இது.

முனிக்குப் படையல் எளியது. சேவலோ, கையில் பணமிருந்தால் கிடாயோ பலியிடப்படும். ஈரலைத் தணலில் சுட்டு இலையில் வைப்பார்கள். அதன் பக்கத்தில் சுருட்டும் ஒரு போத்தல் சாராயமும் இருக்கும். பூசை முடிந்ததும் இறைச்சி பங்கு போடப்படும். சாராயம் ஆளுக்குச் சிறிதளவாகக் கைமாறும். போத்தல் ஒன்று, ஆட்கள் பலர். ஆகையால் அவ்விடத்தில் எவரும் மயங்கி விழ வழியில்லை.

ஆயினும் அந்த ஒரு போத்தலின் வரலாறு நீண்டது.

1830ஆம் ஆண்டுகளுக்குப் பின்னர் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளின் ஏழை மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே 100 மைலுக்கு மேல் நடந்தனர். காடும் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களுள் பலரை வழியிலேயே கொண்டன. தம்புள்ளையைக் கடந்து தெற்கே வந்தால், மலைநாட்டின் வாயிலாக நின்ற ஊர் மாத்தளை. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது 1880இல்தான். அதற்குள் கோப்பியை இலைநோய் தின்னத் தொடங்கிப் பதினோராண்டு ஆகிவிட்டது.

மலையில் கித்துள் மரத்துக் கள் உண்டு. சாராயமோ தென்மேற்குக் கரையின் தென்னங்கள்ளைக் காய்ச்சி எடுப்பது. மாட்டு வண்டியில் மலையேறி வந்தது. அதை மலைக்குக் கொண்டுவந்தது தொழிலாளியின் தாகம் மட்டுமன்று, அரசாங்கத்தின் கருவூலமும் ஆகும். ஒரு பகுதியில் சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டது. மிகுந்த தொகை கேட்டவர் குத்தகைக்காரர் ஆனார். செலுத்திய தொகையை மீட்க வேண்டுமாயின் அவர் மேலும் விற்க வேண்டும். மேலும் விற்கத் தவறணைகள் வேண்டும். தவறணைகளுக்கு ஏற்ற இடம், கூலி வாங்கிய மனிதர் இறங்கிவரும் பாதையோரம். கொழும்பை அடுத்த கரையோர ஊர்களின் பல குடும்பங்கள் இக்குத்தகையால் செல்வம் குவித்துப் பின்னர் தோட்டங்களையே வாங்கின. தோட்டத்தில் கொடுத்த கூலியின் ஒரு பகுதி தவறணை வழியாகச் சென்று இன்னொரு தோட்டத்தின் விலையாகத் திரும்பி வந்தது என்றால் மிகையன்று.

தொழிலாளியோ தோட்டத்தில் கால் வைக்கும்போதே கடனாளி. வழிச்செலவு அவர் பெயரில் எழுதப்பட்டிருந்தது. கங்காணியிடம் முன்பணம் வேறு. கடன் தீர்ந்ததென்ற துண்டு இல்லாமல் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. திருநாளுக்கு முன்பணம் வாங்கி, அடுத்த மாதங்களில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொடுக்கும் வழக்கம் மட்டும் தீபாவளி முன்பணமாக நிலைத்தது. அப்பணத்தில் சேலை எவ்வளவு, சாராயம் எவ்வளவு என்பது லயத்து அறைகளில் ஆண்டுதோறும் எழும் வழக்கு. ஆணோடு சமமாக, பல வேளை அதற்கும் மேலாக, மலையில் உழைத்த பெண்ணே அவ்வழக்கில் பெரும்பாலும் தோற்றாள்.

குடிகாரக் கூலி என்று துரைமார் குறைகூறியதுண்டு. அவர்களுடைய கிளப்புகளில் விஸ்கியும், பின்னாளில் நுவரெலியாவிலேயே காய்ச்சிய பியரும் ஓடின. அதற்கு எவரும் கணக்கு எழுதவில்லை.

எதிர்ப்பும் எழாமலில்லை. 1904இல் தொடங்கிய மதுவிலக்கு இயக்கம், 1912இல் புதிய மதுவரிச் சட்டத்தின் கீழ்ப் பல கள்ளுத் தவறணைகளைத் திறக்க அரசு முற்பட்டபோது பெருங்கிளர்ச்சியாயிற்று. எஃப். ஆர். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் அதில் முன்னின்றனர்; 1915ஆம் ஆண்டுக் கலவரத்தைச் சாட்டி அரசு அவர்களைச் சிறையிலிட்டது. எனினும் அவ்வியக்கம் பெரும்பாலும் சிங்கள மொழியில், பௌத்த ஊர்களில் பேசிற்று. தமிழ் பேசிய லயங்களில் அதன் குரல் மெலிந்தே ஒலித்தது.

தோட்டத்து முனியை விட்டு மாத்தளை நகருக்கு இறங்கினால், முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் திருவிழாவில் வேறொரு காட்சி. அம்மன் முதலான தெய்வங்கள் ஐந்து தேர்களில் உலா வர, சுற்றுத் தோட்டங்களின் மக்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்து வருவர். சிங்கள மக்களும் வந்து வணங்குவர். 1983 ஜூலைக் கலவரத்தில் அக்கோயிலின் தேர்கள் எரிக்கப்பட்டன. புதிய தேர்கள் செய்யப்பட்டு விழா மீண்டும் நடந்தது. இங்கே கிடாயில்லை, போத்தலில்லை. ஆகம வழிப்பட்ட பூசை.

மாசிமகம் முழுநிலவை ஒட்டி வருவது. இலங்கையில் முழுநிலவு நாள் போயா விடுமுறை. அன்று நாடு முழுவதும் மதுக்கடைகள் மூடப்பட்டிருக்கும். ஆதலால் பல ஆண்டுகளில் அம்மன் தேர் நகரும் நாளும் கடை மூடும் நாளும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ அமைகின்றன. இதை நன்கறிந்த சிலர் முதல் நாள் மாலையே கடை வாயிலில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களோ, அதே மாலையில், மறுநாள் தேருக்கு வேண்டிய தேங்காயும் கற்பூரமும் வாங்க எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.