சீமை அப்பளத்தின் பூர்வீகம்

அட்டுவம்பட்டியில் நண்பர் வீட்டு விருந்து. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தட்டு வந்தது. சல்லடைபோல் ஓட்டை விழுந்த, பொன்னிறமான மெல்லிய வட்டங்கள். கடித்தேன், அப்பளம்போல் நொறுங்கியது.

"மாவே கிடையாது, அண்ணா. கொடைக்கானல் சீஸைத் துருவி, எண்ணெய் விடாமல் சூடான கல்லில் தூவினேன். அவ்வளவுதான்" என்றார் நண்பரின் மனைவி.

சீஸ் தன் கொழுப்பிலேயே பொரிகிறது. ஈரம் ஆவியாகிறது. எடுத்து ஆறவிட்டதும் மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது.

இதன் பூர்வீகம் இத்தாலியின் வடகிழக்கிலுள்ள ப்ரியூலி. அங்கே இதற்கு 'ப்ரிகோ' என்று பெயர். சீஸ் செய்யும்போது விழும் ஓரத் துண்டுகளை வீணாக்க மனமில்லாத குடியானவர்கள் சட்டியிலிட்டு உருக்கித் தின்றார்கள். 15-ஆம் நூற்றாண்டில் மார்ட்டினோ என்ற சமையற்காரர், சட்டியில் வாட்டும் சீஸுக்குப் பக்குவம் எழுதி வைத்தார். ஏழை வீட்டுப் பண்டம் பிரபுக்களின் மேஜைக்கும் ஏறிவிட்டது!

பழனி மலைக்குச் சீஸ் வந்த வழி வேறு. 1845-இல் மதுரையின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மேல்நாட்டு உணவுப் பழக்கங்களும் அவர்களோடு மலையேறின. பால் திரிந்தால் முகம் சுளிக்கும் நம் நாட்டில், பாலைத் திரித்துச் செய்யும் சீஸ் ஒரு மலையின் பெருமையாகிவிட்டது.

விருந்து முடிந்தது. நண்பரின் தாயார் தட்டில் கிடந்த நொறுங்கல்களைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார். பழைய சோற்றையும் வடாமாக்கிய கை அது. ப்ரியூலிக் கிழவிகள் அவருக்கு உறவுதான் என்று எனக்குத் தோன்றியது.