1,925 லிரா

மிலான் நகரத்து வழக்கறிஞர் ஃபிளாமினியோ கோஸ்டாவுக்கு வந்த கரண்ட் பில் 1,925 லிரா. கட்ட முடியாத தொகை அல்ல. ஆனாலும் அவர் கட்டவில்லை.

1962 டிசம்பர் 6 அன்று இத்தாலி ஒரு சட்டம் இயற்றி, தனியார் மின் நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி, எனெல் என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. அப்படிக் கைமாறிய எடிசன்வோல்ட்டா நிறுவனத்தில் கோஸ்டா பங்குதாரர். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவ 1957இல் இத்தாலி கையெழுத்திட்ட ரோம் உடன்படிக்கைக்கு இந்தச் சட்டம் முரணானது, ஆகவே எனெலுக்குத் தன்னிடம் பணம் கேட்க உரிமையில்லை என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தின் வேர் ஒரு புத்தகத்தில் இருக்கிறது. கோஸ்டாவுக்காக வாதாடிய ஜான் கலேயாட்சோ ஸ்டெண்டார்டி, சட்ட ஆய்வாளரும்கூட. இத்தாலியச் சட்டத்துக்கும் ஐரோப்பியச் சமூகங்களின் சட்டத்துக்கும் என்ன உறவு என்று 1958லேயே நூல் எழுதியவர். அவரது ஆய்வுக் கேள்வி ஒரு மின் கட்டணச் சீட்டின் வழியாக நீதிமன்றப் படி ஏறியது.

ஏறிய படியும் மிகச் சிறியது. சில்லறை வழக்குகளைத் தீர்க்கும் சமரச நீதிபதியின் மன்றம் அது. தொகை அற்பம் என்பதால் அவர் தீர்ப்பின் மேல் மேல்முறையீடு கிடையாது. அதுவே வழக்கின் பலமானது. மேல்முறையீடு இல்லாத நீதிமன்றத்தில் ஐரோப்பியச் சட்டம் பற்றிய கேள்வி எழுந்தால், அதை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று உடன்படிக்கையின் அன்றைய 177ஆம் பிரிவு சொன்னது. பெருந்தொகை வழக்கு என்றால் படிப்படியாக ஏறி, வழியில் எங்கேனும் நின்றிருக்கலாம். 1964 ஜனவரியில் சமரச நீதிபதி கேள்வியை லக்சம்பர்க்குக்கு அனுப்பினார்.

இதே கேள்வி ரோமுக்கும் போயிருந்தது. அங்கே முதலில் விடை வந்தது. 1964 மார்ச் 7 அன்று இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் கோஸ்டாவின் வாதத்தை ஏற்க மறுத்தது. உடன்படிக்கையை இத்தாலி ஏற்றுக்கொண்டது ஒரு சாதாரணச் சட்டத்தின் மூலம். நாட்டுடைமைச் சட்டமும் சாதாரணச் சட்டம். இரண்டும் மோதினால் பிந்தியதே நிற்கும் என்றது. அதாவது எந்த நாட்டு நாடாளுமன்றமும் புதுச் சட்டம் ஒன்றைப் போட்டு, தான் கொடுத்த வாக்கைக் கடந்துவிடலாம்.

லக்சம்பர்க்கில் இத்தாலிய அரசு, இந்தக் கேள்வியை விசாரணைக்கே எடுக்கக் கூடாது என்று வாதிட்டது. நீதிமன்றம் எடுத்தது. 1964 ஜூலை 15 அன்று 6/64 எண்ணுள்ள அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. இந்த உடன்படிக்கை தனக்கென ஒரு சட்ட அமைப்பை உருவாக்கியிருக்கிறது. அது உறுப்பு நாடுகளின் சட்டத்தோடு கலந்துவிட்டது. நாடுகள் தம் இறையாண்மையின் ஒரு பகுதியை நிரந்தரமாகக் குறைத்துக்கொண்டு இதில் சேர்ந்தன. ஆகவே பின்னால் வரும் உள்நாட்டுச் சட்டம் எதுவும் இதை மீற முடியாது. நாட்டுக்கு நாடு இந்தச் சட்டத்தின் வலு மாறுமானால் பொதுச் சந்தை என்பதே பொருளிழந்துவிடும் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி.

எனெல் கலையவில்லை. ஆனால் சில்லறைக் கட்டணம் கட்ட மறுத்த ஒரு குடிமகன் கேட்ட கேள்வியால், உறுப்பு நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் விதி பிறந்திருந்தது.

ரோம் உடனே இணங்கவில்லை. ஐரோப்பியச் சட்டத்தோடு முரண்படும் தம் நாட்டுச் சட்டத்தை உள்நாட்டு நீதிபதிகள் தாங்களே ஒதுக்கி வைக்கலாம் என்று இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் ஒப்புக்கொள்ள 1984 ஆனது. அப்போதும் அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கோட்பாடுகளைத் தன் காவலில் வைத்துக்கொண்டது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 1974இல், ஐரோப்பாவில் அடிப்படை உரிமைகளுக்குப் போதிய காப்பு இல்லாதவரை ஐரோப்பியச் சட்டத்தை நாங்களே சோதிப்போம் என்றது. 1986இல் காப்பு இருக்கும்வரை சோதிக்க மாட்டோம் என்றது. 2021 அக்டோபர் 7 அன்று போலந்தின் அரசியல் சாசனத் தீர்ப்பாயம் ஐரோப்பிய உடன்படிக்கையின் சில பகுதிகள் தன் சாசனத்துக்கு முரண் என்று அறிவித்தது. நீதிமன்றங்களுக்கிடையே நடக்கும் இந்த இழுபறியை நான் கோளாறாகப் பார்க்கவில்லை. இரு தரப்பும் காரணம் சொல்லியாக வேண்டியிருப்பதுதான் குடிமகனுக்குக் காப்பு.

புத்தகத்தில் தொடங்கிய கேள்வி புத்தகங்களுக்கே திரும்பியது. நாடுகளின் ஒப்பந்தம் ஒன்று எப்படி அரசியல் சாசனம் போல ஆனது என்று எரிக் ஸ்டைன் 1981இல் எழுதினார். ஜோசப் வைலர் 1991இல் அதே மாற்றத்தை ஐரோப்பிய அரசியலோடு சேர்த்து ஆராய்ந்தார். அமெடியோ அரேனா 2019இல் ஸ்டெண்டார்டியின் தடத்தைத் தேடி, கட்டாத அந்தக் கட்டணத்தின் கதையை விரிவாகச் சொன்னார். சட்டம் தானாக உயர்ந்துவிடுவதில்லை, யாரோ சிலர் அதைத் தூக்கிச் சென்றிருக்கிறார்கள் என்பதை இந்த ஆய்வுகள் வழியேதான் அறிகிறோம்.

ஐரோப்பியச் சட்டமே மேலானது என்று 2007 லிஸ்பன் உடன்படிக்கையின் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அதனோடு சேர்த்த 17ஆம் அறிவிப்பு, நீதிமன்றத் தீர்ப்புகளின்படி அப்படித்தான் என்று நினைவூட்டுகிறது. கூடவே இணைத்த சட்டக் கருத்துரையில் ஒரு வழக்கின் பெயர் இருக்கிறது: கோஸ்டா, எனெல், 1964 ஜூலை 15. மிலானில் ஒருவர் கட்டாமல் வைத்த 1,925 லிரா வந்து சேர்ந்த இடம் அது.